அத்தைக்குக் கரண்ட் வைத்த கதை

“74 வயசுக் கிழவிக்குக் கரண்ட் வைக்கப் போறீங்களா? அம்மா பாரமாப் போயிட்டாங்கன்னா எங்கிட்ட அனுப்பிடு. நான் கஞ்சி ஊத்திக்கிறேன்!”

கடலூரிலிருந்து என் நாத்தனார் போனில் போட்ட சத்தம், அடுப்படியில் நின்றிருந்த எனக்கே கேட்டது. இவர் பதில் ஒன்றும் பேசாமல் போனை வைத்துவிட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார். என் கையில் அத்தைக்காகக் கரைத்த கேழ்வரகுக் கூழ் ஆறிக்கொண்டிருந்தது. அன்றைக்கு அது மூன்றாவது டம்ளர். முதல் இரண்டும் அப்படியே கீழே கொட்டியாயிற்று.

நாத்தனாரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சொல்லப்போனால், அன்றைக்கு அவரைவிட எனக்குத்தான் பயம் அதிகம். ‘கரண்ட் வைக்கிறது’ என்ற பேச்சை எடுத்தாலே நம் வீடுகளில் எல்லாருக்கும் வயிற்றைக் கலக்கும். எங்கள் வீட்டில் அது கொஞ்சம் கூடவே. என் மாமனார் லைன்மேன் வேலை பார்த்தவர். அவரோடு வேலை செய்த ஒருவர் கம்பத்தின் மேலேயே கரண்ட் அடித்து உயிரை விட்டதை அத்தை ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். ஈரக் கையோடு சுவிட்சைத் தொட்டுவிட்டால் போதும், என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவார். அப்படிப்பட்டவர் தலையில் கரண்ட் வைப்பதா?

அத்தைக்கு என்ன வியாதி என்று சொல்லிவிடுகிறேன். 2023-ம் வருஷம் ஆடி மாசம் வரைக்கும் உழவர்கரையில் எங்கள் தெருவிலேயே முதலில் எழுந்து வாசல் தெளிப்பது அவர்தான். ஆவணியில் அது நின்றது. விடியற்காலை மூன்று மணிக்கே விழிப்பு வந்து, எழுந்திருக்காமல் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பார். கோலம் போச்சு, சீரியல் போச்சு, பேத்திக்குத் தலை பின்னிவிடுவது போச்சு. “குடல் ஒட்டிப் போச்சு, சோறு இறங்காது” என்று தட்டைத் தள்ளிவிடுவார். “வீட்டில காசே இல்ல, எல்லாத்தையும் நான்தான் தின்னு தீர்த்துட்டேன்” என்பார். வயசாகிவிட்டது, மாமனார் நினைப்பு வந்துவிட்டது என்று நாங்களாகவே ஒரு காரணம் கற்பித்துக்கொண்டோம்.

நவம்பரில் பென்ஷனுக்கு உயிர்ச் சான்று கொடுக்க வேண்டும். “பேங்குக்குப் போகணும் அத்தை, வேற புடவை கட்டிக்குங்க” என்றேன். “செத்துப்போனவளை எதுக்குப் பேங்குக்குக் கூப்பிடற?” என்றார். கோபமில்லை, கேலியில்லை. ‘உப்பு தீர்ந்துபோச்சு’ என்று சொல்வோமே, அந்தக் குரலில் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் சில்லிட்டுவிட்டது.

மந்திரித்துப் பார்த்தோம். திருஷ்டி சுற்றிப் போட்டோம். டானிக் வாங்கிக் கொடுத்தோம். டவுனில் ஒரு டாக்டர், “வயசானா மறதி வியாதி வரத்தான் செய்யும்” என்று சொல்லித் தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைச் சாப்பிட்ட இரண்டாம் நாள் ராத்திரி அத்தை பாத்ரூமில் விழுந்துவிட்டார். எலும்பு முறியாதது எங்கள் நல்ல காலம். அதற்குள் 52 கிலோ இருந்த உடம்பு 41 ஆகியிருந்தது.

எங்களுக்குப் பக்கத்திலேயே கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. 1823-ல் பிரெஞ்சுக்காரர்கள் வைத்தியப் பள்ளியாக ஆரம்பித்து வைத்ததன் வழிவந்து, 1964-ல் இந்தப் பெயர் பெற்ற ஆஸ்பத்திரி. பிரசவத்துக்கும் ஓடுவோம், காலில் ஆணி குத்தினாலும் ஓடுவோம். ஆனால் அங்கே மனநலப் பிரிவு ஒன்று இருப்பது ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வரவில்லை என்பதுகூடப் பொய்தான். போக வெட்கமாக இருந்தது.

அங்கே பார்த்த டாக்டரம்மா சின்ன வயசு. அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினார். பிறகு எங்களிடம் வந்து, “இது மறதி வியாதி இல்லம்மா, கடுமையான டெப்ரஷன். பெரியவங்களுக்கு இது வந்தா அழுதுகிட்டே இருப்பாங்கன்னு நினைக்காதீங்க. குடல், நெஞ்சு, வயிறுன்னு உடம்பு மேல பழி போட்டுக்கிட்டு வரும். மறதி மாதிரியும் வேஷம் போடும்” என்றார்.

மாத்திரை ஆரம்பித்தார்கள். டெப்ரஷன் மாத்திரை நன்றாக வேலை செய்ய நாலிலிருந்து ஆறு வாரம் ஆகுமாம். அத்தைக்கோ இரண்டாவது வாரமே ரத்தத்தில் உப்புச் சத்து இறங்கி, எழுந்து நின்றால் தலை சுற்றியது. (இந்த மாத்திரைகளில் சிலவற்றால் வயசானவர்களுக்கு இப்படி ஆவது உண்டாம்.) தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்றபோது வார்டில் சேர்த்து டிரிப்ஸ் ஏற்றினார்கள். அப்போதுதான் கரண்ட் பேச்சு வந்தது. டாக்டர்கள் அதை ஈ.சி.டி. என்கிறார்கள்.

நாத்தனார் போன் செய்து கத்தியது அன்று சாயந்தரம்தான். அன்றைக்கே பக்கத்து வீட்டு ஆயாவும் வந்தார். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அவர் சின்னம்மாவுக்கு எங்கேயோ ஓர் ஆஸ்பத்திரியில் கரண்ட் வைத்தார்களாம். முழிப்பாக இருக்கும்போதே நாலு பேர் கையையும் காலையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டார்களாம். நாக்கைக் கடித்துக்கொண்டு வாயெல்லாம் ரத்தமாம். அதற்கப்புறம் அந்த அம்மாள் சாகிற வரைக்கும் முதுகு வலி என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். அன்று ராத்திரி நான் ஒரு பொட்டுத் தூங்கவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக டாக்டரம்மாவிடம் போய் இதை அப்படியே சொன்னேன். ‘அதெல்லாம் கட்டுக்கதை, பயப்படாதீங்க’ என்று தட்டிக் கழிப்பார் என்றுதான் நினைத்தேன். அவரோ, “அந்த ஆயா சொன்னது நிஜம்தாம்மா. அந்தக் காலத்தில அப்படித்தான் நிறைய இடத்தில வெச்சாங்க” என்றார். அந்த ஒரு பதிலால்தான் எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது.

1938-ல் இத்தாலியில், ரோம் நகரத்தில், செர்லெட்டி, பினி என்ற இரண்டு டாக்டர்கள் இந்த வைத்தியத்தை ஆரம்பித்தார்கள். மூளைக்குள் ஒரு சின்ன வலிப்பை உண்டாக்கினால் சில மனநோய்கள் குணமாகின்றன என்பதுதான் இதன் அடிப்படை. ஏன் குணமாகிறது என்பது இன்றைக்கும் முழுசாக விளங்கவில்லை. ஆரம்பத்தில் மயக்க மருந்து இல்லாமலேயே கொடுத்தார்கள். வலிப்பில் உடம்பு வெட்டி இழுக்கும்போது முதுகெலும்பு நசுங்கியவர்கள், பல் உடைந்தவர்கள் எல்லாம் உண்டு. ஆயாவின் சின்னம்மாவுக்கு வந்த முதுகு வலி அந்த வகையாகத்தான் இருந்திருக்கும். 1950-களில் தசைகளைத் தளர வைக்கும் ஊசி வந்தது. அதையும் மயக்க மருந்தையும் சேர்த்துக் கொடுத்த பிறகு உடம்பு துள்ளுவதே நின்றுபோனது. வலிப்பு மூளைக்குள் மட்டும் நடந்து முடிந்துவிடும்.

ஆனாலும் நம் நாட்டில் எல்லா இடத்திலும் அந்த முறை உடனே வந்துவிடவில்லை. 2001-ல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகிய பிறகுதான் மனநோயாளிகளை நாம் நடத்துகிற விதத்தைப் பற்றி நாடே பேச ஆரம்பித்தது. 2017-ல் வந்து 2018 மே மாசம் அமலான மனநலப் பராமரிப்புச் சட்டம், மயக்க மருந்தும் தசை தளர்த்தும் மருந்தும் இல்லாமல் யாருக்கும் கரண்ட் வைக்கக் கூடாது என்று தடையே போட்டுவிட்டது. அவசரம் என்று சொல்லிச் சம்மதம் கேட்காமல் கொடுக்கவும் வழியில்லை. இது எனக்குப் புதுச் செய்தி. நம்மில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

“சரிம்மா, இந்த வயசு தாங்குமா? அத்தைக்கு பி.பி., சுகர் எல்லாம் இருக்கே. நெஞ்சு நின்னுடாதா?” என்று இவர் கேட்டார். லைன்மேன் மகன் அல்லவா, அவர் மனசில் கம்பமும் கம்பியும்தான் ஓடிக்கொண்டிருந்தன.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். கரண்ட் தலையில் வைக்கிற இடத்தில்தான் போகும், நெஞ்சு வழியாகப் போகாது. அதுவும் வீட்டுக் கரண்ட் மாதிரி ஒரே ஓட்டமாக இல்லாமல், மிஷின் அளந்து கொடுக்கும் சின்னச் சின்னத் துடிப்புகளாகச் சில விநாடிதான். ஆபத்து என்று பார்த்தால் கரண்டினால் அல்ல, வலிப்பினால்தான். அந்த ஓரிரு நிமிஷம் நாடி முதலில் குறையும், பிறகு வேகமாகும், ரத்த அழுத்தம் ஏறும். ஆரோக்கியமான இதயம் அதைத் தாங்கிக்கொள்ளும். அதனால்தான் முன்கூட்டியே ஈ.சி.ஜி., எக்கோ, ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்க்கிறார்கள். சமீபத்தில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், மூளையில் கட்டியோ ரத்தக்குழாய் வீக்கமோ இருப்பவர்கள் என்றால் மிகவும் யோசிப்பார்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்குக்கூடத் தகுந்த ஏற்பாட்டோடு கொடுக்கிறார்களாம்.

பல நாட்டுக் கணக்குகளைச் சேர்த்துப் பார்த்து 2017-ல் சொன்னது இது: ஒரு லட்சம் தடவை கொடுத்தால் சுமார் இரண்டு பேர் இறக்கிறார்கள். சின்ன ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுப்பதில் உள்ள அளவு அபாயம்தானாம் அது. இன்னொன்றையும் டாக்டரம்மா சொன்னார். அமெரிக்காவில் 60 வயசு தாண்டிய 240 பேருக்கு இந்த வைத்தியத்தையும் மாத்திரையையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2016-ல் முடிவு வந்தது. நூற்றுக்கு 62 பேருக்கு நோய் முழுசாக விலகியது. அதற்குச் சராசரியாக ஏழு தடவைக்குக் கொஞ்சம் மேலே ஆனது. “வயசு கூடினா இந்த வைத்தியம் பலிக்காதுன்னு நினைக்கிறாங்க. நிஜத்தில வயசானவங்களுக்குத்தான் இது நல்லாப் பிடிக்குது” என்றார்.

“நீங்க ஒண்ணை மட்டும் பாக்கறீங்க. கரண்ட் வெச்சா என்ன ஆகும்னு கேக்கறீங்க. வைக்காம விட்டா என்ன ஆகும்?” என்று அவர் கேட்டபோது எங்கள் இரண்டு பேருக்கும் வாயடைத்துவிட்டது. 41 கிலோ. தண்ணீர் குடிக்காத நாலாவது நாள்.

அத்தையிடமும் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னார்கள். “செத்தவளுக்கு எதுக்கு வைத்தியம்?” என்று திரும்பிப் படுத்துக்கொண்டார். அந்த நிலையில் அவரால் முடிவெடுக்க முடியாது என்று டாக்டர்கள் எழுதி, சட்டப்படி அவருடைய பிரதிநிதியாக இவர் கையெழுத்துப் போட்டார். கை நடுங்கியது. நான் பார்க்காதது போல இருந்தேன்.

முதல் நாள் ராத்திரியோடு சாப்பாடு கிடையாது. காலையில் பி.பி. மாத்திரை மட்டும் ஒரு வாய்த் தண்ணீரில், சுகர் மாத்திரை கிடையாது. பல்செட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தார்கள். கண்ணாடி வளையலையும் கழற்றினேன். உள்ளே என்னை விடவில்லை. நடந்ததை டாக்டரம்மாதான் சொன்னார். மயக்க ஊசி போட்டுத் தூங்கின பிறகுதான் தசை தளர்த்தும் ஊசி. அதற்கு முன்னாலேயே ஒரு காலில் பி.பி. பார்க்கிற பட்டையை இறுக்கிவிடுவார்கள். அந்தப் பாதத்துக்கு மருந்து போகாது. வலிப்பு வந்ததா, எத்தனை விநாடி இருந்தது என்பதை அந்தப் பாதம் லேசாகத் துடிப்பதை வைத்துக் கணக்குப் பார்ப்பார்களாம். வாயில் ரப்பர் கட்டை, மூக்கில் ஆக்ஸிஜன். வலிப்பு ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிடும்.

நான் வெளியே பெஞ்சில் பல்செட் டப்பாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எத்தனை மணி நேரம் ஆகுமோ என்று இவர் காபி வாங்கப் போனார். காபி வருவதற்குள் அத்தை வெளியே வந்துவிட்டார்.

கண் விழித்ததும் என்னைத் தெரியவில்லை. “நீ யாரு?” என்றார். எனக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. இது முன்பே சொல்லப்பட்டதுதான் என்றாலும், கண்ணெதிரே நடக்கும்போது தாங்க முடிகிறதா? முக்கால் மணி நேரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தலைவலி என்றார், மாத்திரை கொடுத்தார்கள், சரியாயிற்று.

வாரம் இரண்டு என்று எட்டுத் தடவை. வயசானவர்களுக்குக் குழப்பம் அதிகமாகாமல் இருக்க இப்படி இடைவெளி விடுகிறார்கள். தலையின் வலது பக்கத்தில் மட்டும் வைத்தால் மறதி குறைவு, இரண்டு பக்கமும் வைத்தால் பலன் சீக்கிரம் என்று இரண்டு விதம் உண்டு. அத்தை எதுவும் குடிக்காமல் இருந்ததால் இரண்டு பக்கமும் வைத்தார்கள்.

மூன்றாவது தடவை முடிந்த மறுநாள், காலையில், “டீயில சர்க்கரையே இல்லையே” என்றார். சுகர்காரருக்குச் சர்க்கரை போடுவதில்லை, அதனால் அது நியாயமான புகார் இல்லை. இருந்தாலும் நான் வார்டு வாசலில் நின்று அழுதேன். ஐந்தாவது தடவைக்குப் பிறகு இட்லி கேட்டார். ஏழாவதுக்குப் பிறகு, நான் கொண்டுபோன ரசத்தில் புளி அதிகம் என்று பக்கத்துப் படுக்கை அம்மாளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். குடல் ஒட்டிப்போன பேச்சு போன இடம் தெரியவில்லை.

நல்லதை மட்டும் எழுதினால் வாசகிகளை ஏமாற்றியதாகிவிடும். மறதி நிஜம். ஐப்பசியிலிருந்து மார்கழி வரைக்கும் அத்தைக்குப் பெரும்பாலும் வெறும் வெள்ளைத் தாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தது, கடலூர்ப் பேரன் வந்து பார்த்துவிட்டுப் போனது, தீபாவளி எல்லாம் போய்விட்டன. அதிலே கொஞ்சம் பிறகு திரும்பி வந்தது, மீதி வரவில்லை. இனி வராது என்றும் டாக்டரம்மா ஒளிக்காமல் சொல்லிவிட்டார். சிலருக்கு அதற்கு முந்தைய காலத்து ஞாபகங்களிலும் ஓட்டை விழுவதுண்டாம். புதுசாக ஒன்றைக் கேட்டு மனசில் வைத்துக்கொள்கிற சக்தி மட்டும் சில வாரங்களில் திரும்பிவிட்டது. பேத்தியின் பரீட்சைத் தேதியை என்னைவிட அவர்தான் இப்போது சரியாகச் சொல்கிறார். இதனால் பிற்காலத்தில் மறதி வியாதி வந்துவிடுமோ என்று கேட்டேன். டென்மார்க் நாட்டில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் கணக்கைப் பார்த்து, அப்படி அபாயம் கூடவில்லை என்று 2018-ல் சொல்லியிருக்கிறார்களாம்.

கரண்ட் வைத்துக் குணமாகிவிட்டது என்று மாத்திரையைத் தூக்கிப் போடக் கூடாது. இதைத்தான் நம்மவர்கள் செய்வார்கள், எனக்குத் தெரியும். நிறுத்திவிட்டால் பாதிப் பேருக்கு மேல் ஆறு மாசத்துக்குள்ளேயே திரும்ப வந்துவிடுகிறது. 2001-ல் அமெரிக்காவில் பார்த்த ஒரு கணக்கில், குணமான பிறகு வெறும் ஒப்புக்கு மாத்திரை கொடுக்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 84 பேருக்குத் திரும்ப வந்தது. அத்தைக்கு உப்பைக் குறைக்காத வேறு மாத்திரை எழுதினார்கள். மாசம் ஒரு தடவை இந்திரா காந்தி சிலையைச் சுற்றிக்கொண்டு கோரிமேட்டுக்கு ஆட்டோவில் போய் வருகிறோம். ஆட்டோக்காரர் கேட்டால் முதலில் ‘சுகர் செக்கப்’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை.

உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது விடியற்காலையில் விழித்துக் கிடந்தால், சோற்றைத் தள்ளினால், ‘பாவம் பண்ணிட்டேன்’, ‘இனி எதுக்கு இருக்கணும்’ என்று சொல்ல ஆரம்பித்தால், வயசின் மேல் பழியைப் போட்டுவிட்டு நாங்கள் மூணு மாசம் வீணாக்கியது போல வீணாக்காதீர்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் டெலி மானஸ் என்று அரசாங்கம் 2022-ல் ஆரம்பித்த போன் நம்பர் இருக்கிறது: 14416. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். கரண்ட் வைக்கலாம் என்று டாக்டர் சொன்னால் மயக்க மருந்து டாக்டர் இருப்பாரா, ஒரு பக்கமா இரண்டு பக்கமா, எத்தனை தடவை, முடிந்த பிறகு என்ன மாத்திரை என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிறவராக இருந்தால் இன்னொரு டாக்டரையும் பாருங்கள்.

நாத்தனார் தை மாசம் வந்தார். வாசலில் அத்தை உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். “ஏண்டி, பொங்கலுக்கு வராம இப்பதான் வழி தெரிஞ்சுதா?” என்று மகளைப் பார்த்துக் கேட்டதும், நாத்தனார் செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஊருக்குப் போகும்போது, “அண்ணி, அந்த டாக்டரம்மா பேர் என்ன?” என்று மட்டும் கேட்டார்.

பென்ஷன் உயிர்ச் சான்றும் கொடுத்தாயிற்று. பேங்கில் எங்களைக் காக்க வைத்ததற்கு அத்தை வழி நெடுக முணுமுணுத்தார்.

ஒரே ஒரு விஷயம்தான் இன்னும் தீரவில்லை. உடம்பு மோசமான அந்த மாசங்களில், தன் டிரங்குப் பெட்டிச் சாவியை அத்தை எங்கோ ஒளித்து வைத்துவிட்டார். எங்கே என்று அவருக்கு ஞாபகமே இல்லை. அரிசிப் பானை, சாமி மாடம், தலையணை உறை எல்லாம் தேடிவிட்டோம். கடைசியில் பூட்டை உடைத்துத்தான் பட்டுப் புடவையை எடுத்தோம். மாமனார் வாங்கி வந்த பூட்டாம் அது. வேறு பூட்டுப் போட விடமாட்டேன் என்கிறார். சாவியை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.